கடலோரத்துக்கு ஆஸ்திரேலியப் பந்து வாங்கலாமா?

உச்சிப்புளிப் பக்கம் வாலிபால் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கெதற்கு இந்த நீளப் பந்து என்றால், காரணம் ராய் கேஸலி. 1893இல் பிறந்த ஆஸ்திரேலியக் கால்பந்துக்காரர் (நீள்வட்டப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் பிடித்தும் ஆடும் அந்த நாட்டு ஆட்டம்). செயின்ட் கில்டா அணியில் 1911இல் ஆரம்பித்து 99 ஆட்டம்; 1921இல் சவுத் மெல்போர்னுக்கு மாறி அங்கேயும் சரியாக 99. நூறைத் தொடக்கூடாது என்று வேண்டுதலோ என்னவோ! ஆள் ஆறடிகூட இல்லை. ஆனாலும் எகிறினால் நெட்டையர்களின் தலைக்கு மேலே பந்தைப் பிடிப்பார். கூட ஆடிய ஃபிளீட்டர் "மேலே போ, கேஸலி!" என்று கத்துவார்; கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் அப்படியே கத்தியிருக்கிறார்கள். பிற்பாடு டாஸ்மேனியாவில் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். கொட்டகையில் பந்தைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து எகிறி எகிறிப் பழகியவர். அதைத்தான் நாங்களும் செய்கிறோம்.

அசல் பந்து தோல். பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, இரவுக்கு மஞ்சள். நம் உப்புக் காற்றுக்குத் தோல் சரிப்படாது என்று, ராமநாதபுரம் கடையொன்றில் சொல்லிவைத்து ஜலந்தரில் செய்த சிந்தெடிக் பந்து எடுத்தேன். விலை 1,100 ரூபாய்.

நான்கு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கம் லேஸ் கட்டியிருக்கிறார்கள். டேப் வைத்துப் பார்த்தேன், நெடுக்குச் சுற்றளவு 72 சென்டிமீட்டர். அந்த ஆட்டத்தின் விதியும் 72 முதல் 73 வரைதான். மேலே பொடிப்பொடிப் புள்ளிகள் இருப்பதால், வலை இழுத்த ஈரக்கையோடு வரும் பையனுக்கும் வழுக்குவதில்லை. தையல் கெட்டி. வால்வுதான் தகராறு: ராத்திரி காற்றடித்து வைத்தால் காலையில் தொளதொளவென்று கிடக்கிறது. லேஸ் இடுக்கில் மணலும் ஏறிவிடுகிறது.

பழைய வலைத்துண்டில் போட்டுப் பூவரசங் கிளையில் கட்டியிருக்கிறோம். கச்சான் காற்று அடிக்கும்போது பந்து ஓரிடத்தில் நிற்காது. அதுவும் நல்லதற்குத்தான். உருண்டையாக இல்லாமல் நீளமாக இருப்பதால் ஒரு கையால் தட்டினால் எங்கோ திரும்பிக்கொள்ளும். இரண்டு கையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால்தான் பிடிபடும். வாலிபாலில் பிளாக் (வலையோரம் எகிறி எதிரணி அடியைத் தடுப்பது) போட வேண்டியதும் அப்படித்தானே? முன்வரிசைப் பையன்களிடம் இப்போதே வித்தியாசம் தெரிகிறது.

ஆட்டமே ஆட வாங்குகிறவர்கள் கெட்டித் தரை பாருங்கள், மணலில் துள்ளாது. எகிறிப் பழக மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஊசியும் பம்பும் பெட்டிக்குள் வராது, அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.