சாசேஜும் சீஸும் அடைத்த பிஸ்கட்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

நல்ல பிஸ்கட் மாவு, உள்ளே பூரணம் வைத்து மூடுவதற்கு நல்ல மாவாக இருப்பதில்லை. வட கரோலினாவில் குடியிருந்துகொண்டு வருடக்கணக்காகச் சனிக்கிழமை காலைகளில் இதைச் செய்துவருகிறேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். செய்முறைகளைப் பார்த்தால் மாவு எப்படிப் பிசைவது, பூரணம் எப்படி வதக்குவது என்று விலாவாரியாக இருக்கும். அப்புறம் ‘மூடி பேக் செய்யவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சிக்கல் முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தெற்கில் பிஸ்கட் என்பது டீயில் தோய்க்கிற மொறுமொறு சமாச்சாரம் இல்லை. பேக்கிங் பவுடரில் உப்பி, மேலே பொன்னிறமாகவும் உள்ளே அடுக்கடுக்காகவும் பிரிகிற மென்மையான ரொட்டி. ஈஸ்ட் கிடையாது, புளிக்கவைக்கிற வேலையும் கிடையாது. காலையில் அதை இரண்டாகப் பிளந்து நடுவே சாசேஜ் வைத்துத் தருவதுதான் எங்கும் உள்ள வழக்கம். 1977-இல் ஷார்லட்டில் தொடங்கிய போஜாங்கில்ஸ் கடைகளில் கிடைப்பது இந்த வகை. பொதிந்து மூடி, மூடியபடியே பேக் செய்கிற வகையைப் பார்க்க வேண்டுமானால் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் போக வேண்டும். ராலேயிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் வில்சன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஃப்ளோஸ் கிச்சன் என்ற சின்னக் கடை, ஹூப் சீஸ் என்ற சக்கர வடிவச் சீஸை மாவுக்குள் வைத்துச் சுட்ட பெரிய பிஸ்கட்டுக்குப் பேர்போனது. பிய்த்தால் உள்ளிருந்து சீஸ் வழியும். வீட்டில் நான் செய்வது அதோடு சாசேஜும் சேர்ந்த வடிவம்.

மாவுக்கு வருகிறேன். தெற்கத்திக்காரர்கள் பிஸ்கட்டுக்கு என்று கைகாட்டுவது வொய்ட் லில்லி மாவை. 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய பெயர். மென்மையான குளிர்காலக் கோதுமையில் அரைத்தது. புரதம் சுமார் 8 முதல் 9 சதவீதம்தான். புரதம் குறைந்தால் குளூட்டன் இழுவை குறையும், பிஸ்கட் வாயில் வைத்ததும் உதிரும். வெறும் பிஸ்கட்டுக்கு அதைவிட நல்ல மாவு நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் மென்கோதுமை மாவின் இயல்பே இழுத்தால் கிழிவது. வட்டமாகத் தட்டி, நடுவே பூரணம் வைத்து, ஓரங்களைச் சேர்த்து இழுத்து மூடும்போது அந்த உதிரும் குணம்தான் காலை வாரிவிடும். ஓவனில் மாவு உப்பும்போது மெலிந்த இடம் விட்டுக்கொடுக்கும், சீஸ் ட்ரேயில் கருகும்.

அதனால் நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். ஒரு கப் வொய்ட் லில்லி செல்ஃப் ரைசிங் மாவு. ஒரு கப் கிங் ஆர்தர் ஆல் பர்ப்பஸ் மாவு, அதில் புரதம் 11.7 சதவீதம். செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். மற்ற ஒரு கப்புக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் டீஸ்பூன் உப்பும் நாம் சேர்க்க வேண்டும். குளிர்ந்த வெண்ணெய் கால் கப், பட்டர்மில்க் முக்கால் கப். கடையில் விற்கும் பட்டர்மில்க் நாம் கடையும் மோரைவிட நன்றாகவே கெட்டியானது. அந்த இடத்தில் நீர்மோரை ஊற்றினால் மாவு கூழாகிவிடும். தயிரைக் கொஞ்சம் பாலில் அடித்து அதே பதத்துக்குக் கொண்டுவந்தால் வேலை நடக்கும். வெண்ணெயைச் சீவிப் போட்டு, கரண்டியால் கலந்து, பலகையில் நாலைந்து மடிப்பு மடித்தால் போதும். வெறும் பிஸ்கட்டுக்கு மடிப்பு கூடினால் அடுக்கு கூடும். அடைத்த பிஸ்கட்டில் அடுக்குகள் பூரணத்தின் ஈரத்தில் பாதி அமுங்கிப்போகும், அதனால் அதற்கு மெனக்கெடுவது வீண். இந்த அளவுக்கு ஏறக்குறைய 60 கிராம் உருண்டைகள் எட்டு வரும்.

வசதி என்று பார்த்தால் டப்பா மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அட்டைக் குழாயில் அடைத்து ஃப்ரிட்ஜ் பகுதியில் விற்பார்கள். தாளை உரித்துக் கரண்டியால் அழுத்தினால் டப்பென்று வெடித்துத் திறக்கும். கென்டக்கியின் லூயிவில்லில் லைவ்லி வில்லபி என்பவர் 1931-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதை விற்ற பாலர்ட் அண்ட் பாலர்ட் நிறுவனத்தை 1951-இல் பில்ஸ்பரி வாங்கியது. இன்று பெரிய அளவு டப்பா 462 கிராம், எட்டு துண்டு. அதாவது துண்டுக்கு 58 கிராம், கிட்டத்தட்ட நம் உருண்டை அளவேதான். மூடுவதற்கு இந்த மாவு வெகு சுலபம்: நீளும், கிழியாது, ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். அடுக்கடுக்காக உரியும் வகையை விட்டுவிட்டு, சாதாரண ஹோம்ஸ்டைல் வகையை எடுக்க வேண்டும். அடுக்கு வகையை இரண்டாகப் பிரித்து நடுவே வைத்து ஓரத்தை அழுத்தச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஓரம் ஓவனில் நிற்பதில்லை.

குறை அதன் சுவையில். குளிரில் உறங்கி, சூடு பட்டதும் மாவை உப்பவைக்கிற சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்ற உப்பைத்தான் ஃப்ரிட்ஜ் மாவுகளில் பயன்படுத்துகிறார்கள். நாக்கின் கடைசியில் ஒரு லேசான உலோக வாடை மிஞ்சும். சாசேஜும் சீஸும் அதை முக்கால்வாசி மறைத்துவிடும் என்பதால் விருந்தாளிகள் யாரும் கண்டுபிடிப்பதில்லை. எனக்குத் தெரிகிறது. வேலை நாளில் செய்தால் டப்பா, விடுமுறை நாளில் கையால் பிசைந்த மாவு. இதுதான் எங்கள் வீட்டில் நிலைத்த ஏற்பாடு.

சாசேஜைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தோல் இல்லாமல், அரைத்த கைமாவைக் கட்டியாக விற்கும் பிரேக்ஃபாஸ்ட் சாசேஜ்தான் வேண்டும். சேஜ் இலையும் மிளகும் சேர்ந்த பன்றி இறைச்சி. கிரீன்ஸ்பரோவில் 1917 முதல் இருக்கும் நீசஸ், தாளில் சுற்றிய செவ்வகக் கட்டியாக வருவது, எனக்குப் பிடித்தது. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், எட்டு முதல் பத்து பிஸ்கட்டுக்குப் போதும். எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு, கரண்டியால் உதிர்த்து, நிறம் மாறிய பிறகும் நிறுத்தாமல், நீர் முழுக்க வற்றி ஓரங்கள் சிவக்கும்வரை வறுக்க வேண்டும். அரைத்த பன்றி இறைச்சிக்கு 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு; சிவக்க வறுக்கும்போது அது எப்போதோ தாண்டியிருக்கும். பிறகு பேப்பர் டவலில் கொட்டிக் கொழுப்பை வடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிட வேண்டும்.

இந்தக் குளிரவைப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பூரணம் வெதுவெதுப்பாக இருந்தாலே மாவிலுள்ள வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே இளகிவிடும். மாவு தொளதொளக்கும், ஓரங்களில் எண்ணெய் பட்டு ஒட்டாமல் போகும். ஈரமான பூரணம் ஓவனில் ஆவியாகி அடிப்பக்கத்தை நசநசப்பாக்கும். வெங்காயம், குடைமிளகாய் எதைச் சேர்த்தாலும் தனியே நீர் வற்ற வதக்கித்தான் சேர்க்க வேண்டும்.

நண்பர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பன்றி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கோழிக் கைமா. சேஜ், கருமிளகு, சில்லி ஃபிளேக்ஸ், உப்பு, ஒரு சிட்டிகை பிரவுன் ஷுகர். இது 74 டிகிரி வரை வேக வேண்டும். கொழுப்பு குறைவென்பதால் வறட்சியாக இருக்கும். வறுத்து முடித்ததும் ஒரு ஸ்பூன் வெண்ணெய் கலந்துவிட்டால் சரி. கரம் மசாலா போட்ட மட்டன் கைமாவும் வைத்துப் பார்த்திருக்கிறேன். இறைச்சி அருமை, மாவோடும் பொருந்துகிறது, ஆனால் செடார் சீஸும் கரம் மசாலாவும் வாய்க்குள் சண்டைபோடுகின்றன. மட்டன் என்றால் சீஸை மறந்துவிடுவது நல்லது. பன்றி சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊர் கன்ட்ரி ஹாம் என்ற பன்றித் தொடை இறைச்சியும் வைக்கலாம். உப்பில் பதப்படுத்தியது என்பதால் சாசேஜ் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தண்ணீர்க் குடத்தோடு உட்கார வேண்டியதுதான்.

சீஸைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். செடார் முதிர முதிரச் சுவை ஏறும், ஆனால் அதன் புரத வலை சிதைந்துகொண்டே வரும். சூட்டில் உருகுவதற்குப் பதிலாக எண்ணெய் தனியே பிரியும். தட்டில் வைத்துச் சாப்பிட எக்ஸ்ட்ரா ஷார்ப், பிஸ்கட்டுக்குள் வைக்க மைல்ட் அல்லது மீடியம். ஹூப் சீஸ் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சிவப்புத் தோல் போட்ட சக்கரமாக வரும், உருகினால் இழைய இழைய வரும், எண்ணெய் கக்காது. இந்த மாநிலத்தின் மலைப்பகுதியில் வெஸ்ட் ஜெஃபர்சன் ஊரிலுள்ள ஆஷ் கவுன்ட்டி சீஸ் போன்ற இடங்களில் வாங்கலாம். சீவி விற்கும் பாக்கெட் சீஸைச் சமையல்காரர்கள் திட்டுவார்கள், ஒட்டாமல் இருக்க அதில் ஸ்டார்ச் தூவியிருப்பதால். இந்தப் பண்டத்தில் மட்டும் அந்த ஸ்டார்ச் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துவைக்கிறது என்பது என் அனுபவம். ஆனாலும் கட்டி சீஸை அரை அங்குலச் சதுரமாக வெட்டி, ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்து நடுவே ஒன்று வைப்பதையே விரும்புகிறேன். மாவு வெந்து இறுகும்வரை அது முழுக்க உருகாமல் தாக்குப்பிடிக்கும்.

மூடுவது இப்படி: உருண்டையை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டும்போது நடுப்பகுதி தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். நடுவே 30 கிராம் இறைச்சி, அதன்மேல் சீஸ் துண்டு. மோதகத்துக்குச் சொப்பு மூடுவதுபோல ஓரங்களைச் சுற்றி எடுத்துக் குவித்து, முறுக்கிக் கிள்ளி, கிள்ளிய பக்கம் கீழே வரும்படி வைக்க வேண்டும். ஓரத்தில் மாவுத்தூளோ கொழுப்போ பட்டிருக்கக் கூடாது. மேலே கத்தி முனையால் ஒரு சின்னக் கீறல், ஆவி போக. ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்துவிட்டு ஓவனில் ஏற்றலாம்.

வெறும் பிஸ்கட்டை 475, 500 ஃபாரன்ஹீட் என்று கொளுத்தும் சூட்டில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். அடைத்ததற்கு அது ஒத்துவராது. மேல்பக்கம் சிவந்திருக்கும், பூரணத்தை ஒட்டிய மாவு பச்சையாக இருக்கும். 425 ஃபாரன்ஹீட், அதாவது 220 செல்சியஸ். 16 முதல் 18 நிமிடம். பாத்திரம் என்றால் எனக்கு வார்ப்பிரும்புச் சட்டிதான். லாட்ஜ் நிறுவனம் டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்கில் 1896 முதல் வார்ப்பது. பத்தேகால் அங்குலச் சட்டியில் நடுவே ஒன்று, சுற்றி ஏழு என்று எட்டும் ஒன்றையொன்று தொட்டு உட்காரும். பக்கவாட்டில் இடமில்லாததால் மேல்நோக்கி உப்பும், பக்கத்துத் துண்டு தாங்குவதால் வெடிப்பதும் குறைவு. பக்கங்கள் வெளிறியிருக்கும் என்பது உண்மை. சுற்றிலும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ட்ரேயில் தள்ளித்தள்ளி வைக்கலாம்.

எடுத்ததும் வாயில் போட வேண்டாம், உள்ளே இருக்கும் சீஸ் அண்ணத்தை வேகவைத்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். என் கணக்கில் ஒன்று 330 கலோரி வரும். இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம்.

மிச்சம் பிடிப்பது பற்றி. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, உள்ளே இறைச்சி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள். மூடிய மாவைப் பச்சையாகவே ஃப்ரீசரில் வைத்து, 375 ஃபாரன்ஹீட்டில் நேரடியாகப் பேக் செய்யலாம்தான். 25 நிமிடம் பிடிக்கும், உப்பல் சற்றே குறையும். நான் சுட்டு ஆறவைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுகிறேன். வேலை நாளில் 25 நிமிடம் யாருக்கு இருக்கிறது? முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, காலையில் ஈரப் பேப்பர் டவலில் சுற்றி மைக்ரோவேவில் அரை நிமிடம், பிறகு ஏர் ஃப்ரையரில் 320 ஃபாரன்ஹீட்டில் நாலைந்து நிமிடம். நடுப்பகுதி ஆவி பறக்கச் சுட வேண்டும். மைக்ரோவேவ் மட்டும் என்றால் தோல் ரப்பராகும்; ஏர் ஃப்ரையர் மட்டும் என்றால் மேலே கருகி நடுவே ஜில்லென்று இருக்கும். பிள்ளைகளின் டிபன் டப்பாவில் கொடுத்தனுப்புவதில்லை, ஆறியதும் சாசேஜ் கொழுப்பு வெள்ளையாக உறைந்து பார்க்கவே நன்றாக இராது.