வெங்கட்டா, பிரசன்னாவா, அஸ்வினா: ராயபுரத்துப் பஞ்சாயத்தும் பந்துக் கணக்கும்

கல்மண்டபம் பக்கத்து டீக்கடைகளில் டெஸ்ட் மேட்ச் ஓடும் நாளெல்லாம் இந்தச் சண்டை உண்டு: சென்னை ஆஃப் ஸ்பின்னர்கள் வெங்கட்ராகவன், அஸ்வின் இருவரில் யார் பெரியவர்? "அஸ்வின் உள்ளூர்ப் புலி நைனா. வெங்கட்டு காலத்துல டிஆர்எஸ்ஸா இருந்துச்சு?" என்று ஒரு பக்கம் (டிஆர்எஸ் என்பது அம்பயர் தீர்ப்பை வீடியோ பார்த்து மறுபடி சரிபார்க்கும் முறை). "537 விக்கெட் எங்க, 156 எங்க பெருசு?" என்று மறுபக்கம். வெங்கட் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர், அஸ்வின் மேற்கு மாம்பலத்துப் பிள்ளை. சண்டை என்னவோ வடசென்னையில்தான் நடக்கிறது.

இதில் முதல் கோளாறு, மூன்றாவது ஆளை விட்டுவிடுவது. பெங்களூர்க்காரர் பிரசன்னாவை உள்ளே இழுக்காமல் வெங்கட்ராகவனை எடைபோட முடியாது. ஒரே காலம், ஒரே வேலை, அணியில் ஒரே இடம். (பிரசன்னாவும் இன்ஜினியர். ஆஃப் ஸ்பின் போட இந்த நாட்டில் அந்தப் பட்டம் கட்டாயமோ என்னவோ.)

மூவரின் மொத்தக் கணக்கு இது (சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது):

வெங்கட்ராகவன் (1965–83): 57 டெஸ்ட், 14,877 பந்து, 156 விக்கெட், சராசரி 36.11
பிரசன்னா (1962–78): 49 டெஸ்ட், 14,353 பந்து, 189 விக்கெட், சராசரி 30.38
அஸ்வின் (2011–24): 106 டெஸ்ட், 27,246 பந்து, 537 விக்கெட், சராசரி 24.00

"அந்தக் காலத்துல ஆட்டமே கம்மி" என்ற வாதம் மொத்த விக்கெட்டுக்குப் பொருந்தும். அதனால் மொத்தத்தை ஓரம் வைத்துவிட்டு, பந்துகளை டெஸ்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வெங்கட் ஒரு டெஸ்டுக்குப் போட்டது 261 பந்து. அஸ்வின் 257. கிட்டத்தட்ட அதே உழைப்பு, டெஸ்டுக்கு 43 ஓவர். பிரசன்னா மட்டும் 293. ஆனால் ஒரு டெஸ்டுக்குக் கிடைத்த விக்கெட் வெங்கட்டுக்கு 2.7, பிரசன்னாவுக்கு 3.9, அஸ்வினுக்கு 5.1. பந்து கையில் கொடுக்கவில்லை என்ற சாக்கு வெங்கட் கட்சிக்கு இங்கே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது உள்ளூர்ப் புலி விவகாரம். அஸ்வின் இந்தியாவில் ஆடிய 65 டெஸ்டில் 383 விக்கெட், சராசரி 21.57. எதிரணி நாடுகளில் 40 டெஸ்டில் 150 விக்கெட், சராசரி 30.55. மிச்சம் 4 விக்கெட், 2021இல் சௌதாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் வந்தது. இங்கே பலரும் செய்யும் தப்பு, 21.57ஐயும் 30.55ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, "உண்மையான சராசரி 26" என்று அடித்துவிடுவது. சராசரிகளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. 383ஐ 21.57ஆல் பெருக்கினால் சுமார் 8,260 ரன், 150ஐ 30.55ஆல் பெருக்கினால் சுமார் 4,580. இரண்டையும் கூட்டி 533 விக்கெட்டால் வகுத்தால் 24.1 வரும். சௌதாம்ப்டனையும் சேர்த்தால் சரியாக 24.00.

வெளியூர் 30.55 மோசமா? பிரசன்னாவின் முழு வாழ்க்கைச் சராசரியே 30.38. சொந்த மண் 21.57இல் ஆடுகளத்துக்குப் பங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. மறுமுனையில் போட்ட ஜடேஜாவின் உள்ளூர்ச் சராசரியும் அதை ஒட்டியே நிற்கிறது.

டிஆர்எஸ் வாதம் வேறு கதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முன்காலை நீட்டி பேடில் தடுத்தால் அந்தக் கால அம்பயர் விரலைத் தூக்கவே மாட்டார். ஆனால் இருதரப்புத் தொடர்களில் டிஆர்எஸ் வேண்டாம் என்று நின்ற இந்தியா, அதை ஏற்றது 2016 நவம்பர் இங்கிலாந்துத் தொடரில்தான். அதற்கு முந்தைய மாதம் இந்தூர் டெஸ்ட் முடிந்தபோது அஸ்வின் கணக்கு 39 டெஸ்டில் 220 விக்கெட், டெஸ்டுக்கு 5.6. டிஆர்எஸ் வந்த பிறகு 67 டெஸ்டில் 317, டெஸ்டுக்கு 4.7. மெஷின் வந்த பிறகு குறைந்துதான் இருக்கிறது! வேறு நாட்டு ஆட்டங்களில் டிஆர்எஸ் பார்த்துப் பழகிய அம்பயர்கள் முன்பே தாராளமாக விரல் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் பெருசுகள் சொல்லலாம். அந்த அளவுக்குத்தான் இடம் உண்டு.

காலத்தைத் தாண்டி ஒப்பிட ஒரே நேர்மையான வழி, அவரவரை அவரவர் காலத்து ஆளோடு முதலில் நிறுத்துவது. வெங்கட், பிரசன்னா காலத்தில் உலகத்தின் பெரிய ஆஃப் ஸ்பின்னர் வெஸ்ட் இண்டீஸின் லான்ஸ் கிப்ஸ்: 79 டெஸ்ட், 309 விக்கெட். அவருக்கே ஒரு விக்கெட்டுக்கு 87.7 பந்து தேவைப்பட்டது. பிரசன்னாவுக்கு 75.9. அதாவது கிப்ஸைவிட சுமார் 13 சதவீதம் வேகமாக விக்கெட் எடுத்தவர். வெங்கட்டுக்கு 95.4, கிப்ஸைவிட 9 சதவீதம் கூடுதல் பந்து. அஸ்வின் காலத்தில் அந்த இடத்தில் நிற்பவர் ஆஸ்திரேலியாவின் நாதன் லயன், விக்கெட்டுக்கு 62 பந்து அளவில். அஸ்வினுக்கு 50.7, சுமார் 18 சதவீதம் வேகம்.

537க்கும் 189க்கும் நடுவே கடல் மாதிரி தெரிந்த இடைவெளி, 18க்கும் 13க்கும் நடுவே சின்ன வாய்க்காலாகிவிட்டது. இதிலும் ஓட்டை உண்டு. லயன் பாதி ஆட்டங்களை ஸ்பின்னுக்கு ஒத்துவராத ஆஸ்திரேலிய ஆடுகளங்களில் போட்டவர், அதனால் அஸ்வினின் 18இல் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பிரசன்னாவுக்கோ சக ஸ்பின்னர்கள் பேடி, சந்திரசேகர் இருவரோடும் விக்கெட்டைப் பங்கு போட வேண்டியிருந்தது. விக்கெட் எடுக்கும் பந்துவீச்சாளராக அஸ்வினும் பிரசன்னாவும் ஒரே வரிசை, வெங்கட் ஒரு படி கீழே என்பதுதான் என் தீர்ப்பு. அஸ்வினின் 3,503 ரன்னையும் 6 சதத்தையும் சேர்த்தால் பிரசன்னாவும் பின்னால் போய்விடுவார்.

அப்படியானால் வெங்கட்டை எதற்கு எடுத்தார்கள்? "பேட்டிங் வரும்ல" என்பது வழக்கமான பதில். கணக்கு ஒப்பவில்லை. வெங்கட் பேட்டிங் சராசரி 11.68, பிரசன்னா 11.48. உண்மையான காரணம் கை. வெங்கட் 57 டெஸ்டில் 44 கேட்ச், பிரசன்னா 49 டெஸ்டில் 18. ஸ்பின்னர்களை நம்பி நின்ற அணியில் பேட்ஸ்மேனைச் சுற்றி நிற்கும் கைகளுக்கு அவ்வளவு மதிப்பு. ரன் கொடுக்காத சிக்கனம் வேறு: ஓவருக்கு 2.27. பட்டோடி கேப்டனாக இருந்தால் பிரசன்னா, வடேகர் வந்தால் வெங்கட் என்று ஊசல் ஆடியது. வெங்கட் நிலைமையும் சுகமில்லை. 1974 டிசம்பரில் டெல்லியில் இந்தியாவுக்குக் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் 12ஆவது ஆள்.

பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் நால்வரும் சேர்ந்து 853 விக்கெட். நால்வரும் ஒன்றாக ஆடியதோ ஒரே டெஸ்ட், 1967 பர்மிங்ஹாம். நான்காவது ஸ்பின்னருக்கு இடம் கொடுத்தால் பேட்டிங் ஓட்டையாகும், வேறொன்றும் இல்லை.

இதே இடநெருக்கடி அஸ்வினையும் விடவில்லை. 1971 இங்கிலாந்துத் தொடரில் மூன்று டெஸ்டும் வெங்கட் ஆட, பிரசன்னா வெளியே. லண்டன் ஓவல் மைதானத்தில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து ஆட்டமும் தொடரும் இந்தியாவுக்கு வந்தன. 2021இல் அதே இங்கிலாந்தில், ஆடிய நான்கு டெஸ்டிலும் அஸ்வின் வெளியே. பேட்டிங்கைப் பார்த்து ஜடேஜா உள்ளே. ஓவலில் அவரை 5ஆவதாகவே இறக்கினார்கள். 1971க்குப் பிறகு அந்த மைதானத்தில் இந்தியா முதல்முறையாக ஜெயித்தது அப்போதுதான். 2023இல் அதே ஓவலில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை மறுபடி வெளியே உட்கார வைத்தார்கள். அந்த முறை ஆஸ்திரேலியாவிடம் 209 ரன் வித்தியாசத்தில் தோல்வி.