எமரால்டு–ஜுவல் ஜோடியா, ராபிட்ஐ ஜோடியா? வெப்பமான இடத்துக்கு எந்த புளூபெர்ரி?

வெப்பமான இடத்துக்கு ஏற்ற புளூபெர்ரியில் இரண்டு இனம்: ராபிட்ஐ, சதர்ன் ஹைபுஷ். எமரால்டும் ஜுவலும் சதர்ன் ஹைபுஷ் ரகங்கள். ராபிட்ஐ ஒன்று, சதர்ன் ஹைபுஷ் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் நட்டால் ஜோடி சேர்ந்துவிடாது. ராபிட்ஐக்கு குரோமோசோம் 72, சதர்ன் ஹைபுஷுக்கு 48. ஒன்றின் மகரந்தத்தால் இன்னொன்றில் காய் சரியாகப் பிடிக்காது. ஆகவே எந்த இனத்தை எடுத்தாலும் இரண்டு ரகமும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். மண்ணில் பெரிய வித்தியாசமில்லை: இரண்டுக்கும் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. கொஞ்சம் கவனக்குறைவை ராபிட்ஐ பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

என் ஓட்டு எமரால்டு–ஜுவல் ஜோடிக்கு. காரணம் பழத்தின் அளவல்ல, பூக்கும் நேரம். ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே செடி கழிக்க வேண்டிய மணி நேரத்தைத்தான் குளிர் மணி என்கிறோம். எமரால்டுக்கும் ஜுவலுக்கும் அது ஏறக்குறைய 250. குளிர் குறைந்த வருடத்தில் இரண்டும் ஒரே அளவு தடுமாறும், ஒன்றாகவே பூக்கும். ராபிட்ஐயில் பலரும் வாங்கும் கிளைமாக்ஸ்–டிஃப்புளூ ஜோடியைப் பாருங்கள். முதலாவதுக்கு 400–450 மணி போதும். இரண்டாவது 600ஐ ஒட்டிக் கேட்கும். நல்ல குளிரிலேயே கிளைமாக்ஸ் முந்திக்கொள்ளும். குளிர் குறைந்தால் இடைவெளி இன்னும் நீளும், துணையில்லாத பூக்கள் வீணாகும். ராபிட்ஐ தன் மகரந்தத்தில் காய்ப்பது மிகக் குறைவு என்பதால் நட்டம் கிட்டத்தட்ட முழுசு. சதர்ன் ஹைபுஷ் தனியாக நின்றாலும் ஓரளவு காய்க்கும்; துணை கிடைத்தால் பழம் பெருக்கும், முன்னதாகவும் பழுக்கும். குளிர் 600 மணியை எட்டும் இடமென்றால் ராபிட்ஐயே நடலாம், ஆனால் கிளைமாக்ஸுக்கு பிரீமியர், டிஃப்புளூவுக்கு பவுடர்புளூ என்று சேருங்கள்.

ஜுவலிடம் குறை இல்லாமலில்லை. நீலமானவுடன் பறித்தால் புளிக்கும். மேலும் சில நாள் செடியில் விடவேண்டும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தெரிந்தால் துரு நோய். இலை முன்கூட்டியே உதிர்ந்தால் அடுத்த பருவத்து மொட்டு குறையும்.

மிஸ்டி என்ற இன்னொரு சதர்ன் ஹைபுஷ் ரகத்துக்கு குளிர் இன்னும் குறைவாகப் போதும், ஆனால் கவாத்துக்குச் சோம்பல்படுபவர்களுக்கு அது ஆகாது. இலையை மிஞ்சிப் பூத்து, அந்தப் பாரத்திலேயே களைத்துவிடும். கிளை நுனியில் உருண்டு திரண்டிருப்பது பூமொட்டு, கீழே சின்னதாகக் கூராக இருப்பது இலைமொட்டு. பூமொட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது நுனியோடு வெட்டிவிடுங்கள். தொட்டிக்கு சன்ஷைன் புளூ: 3–4 அடிதான், தனியாகவே காய்க்கும். குளிரே எட்டிப் பார்க்காத இடத்தில் எமரால்டை நம்பவேண்டாம். பெரு நாட்டில் பரவலாக நடப்பட்ட பிலாக்ஸி ரகம்தான் அங்கே பொருந்தும்.

ஜோடி சரியாக இருந்தும் காய் பிடிக்கவில்லையா? பூவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பு நிறக் கீறல் இருந்தால் தச்சுத் தேனீயின் வேலை: பக்கவாட்டில் கிழித்துத் தேனைக் குடித்துவிடும். பிறகு வரும் தேனீக்களும் அதே ஓட்டை வழியாகவே குடிப்பதால் சூலகமுடியைத் தொடுவதில்லை. அப்போது கையால் செய்யலாம். மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் தூள் கொட்டும், அதற்கு அதிர்வு தேவை. மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்து, கொட்டுவதைக் கறுப்பு அட்டையில் பிடித்து, அடுத்த ரகத்தின் சூலகமுடி நுனியில் தடவுங்கள். பலித்தால் சில நாளில் பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும். பலிக்காத பூ காம்பிலேயே தொங்கி, கருஞ்சிவப்பாக மாறும்.