பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்க: தடையா, உதவித்தொகையா?

நகரியில் எங்கள் தெருவில் தறிக்குத் தார் (நூல் உருளை) சுற்றும் பையன் ஒருவன் இருந்தான். வயது பத்து, விரலிடுக்கில் நூல் அறுத்த கோடு.

1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், பிள்ளைகள் உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அது சட்டம் ஆகவே இல்லை. பயத்திலேயே வங்கதேச ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே அனுப்பின. சிலர் கல்லுடைக்கப் போனார்கள்.

அதே வங்கதேசத்தில் 1995-இல் போட்ட ஒப்பந்தம் வேறு மாதிரி. ஆலை முதலாளிகள் சங்கம், யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்), ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) மூன்றும் கையெழுத்திட்டன. பள்ளியில் இடம் கிடைக்கும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக்கூடாது. படிக்கிற பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா (வங்கதேச நாணயம்) உதவித்தொகை. என் ஓட்டு இதற்குத்தான். (தடை மிரட்டல் இல்லாவிட்டால் முதலாளிகள் பேசவே உட்கார்ந்திருக்கமாட்டார்கள், அதுவும் உண்மை.)

எங்கள் பையன் சுற்றிய தாரில் நெய்த துணியோ உள்ளூர்ச் சந்தையோடு சரி. கப்பலேறாத துணியை இந்த இரண்டும் எட்டாது.