780 டாலருக்கு ஒரு போலிப் பென்னி: 1955 இரட்டை அச்சுக் காசு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஜனவரி மாதம், நியூஜெர்சியில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த நாணயக் கண்காட்சியில், 780 டாலர் ரொக்கமாகக் கொடுத்து ஒரே ஒரு சென்ட் காசு வாங்கினேன். பென்னி என்றால் அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு. 1955-ஆம் வருடத்து இரட்டை அச்சுப் பென்னி, அதாவது அச்சுப் பிழையால் எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்த அபூர்வக் காசு என்று சொல்லி விற்றார்கள். அது போலி. பணம் திரும்பி வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் இங்கே அமெரிக்காவில் எனக்குத் தெரிந்த நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் பென்னி ஜாடியைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் யாராவது ஒரு காசைப் படம் எடுத்துப் போட்டு ‘இது எவ்வளவு போகும்?’ என்று கேட்கிறார்கள். தேடுவதில் தவறே இல்லை. நானும் என் மகளும் நான்கு வருடமாகத் தேடுகிறோம். தேடுவதை விட்டுவிட்டு வாங்கப் போகும்போதுதான் கவனம் வேண்டும்.

எங்கள் பழக்கம் இதுதான். வங்கியில் 50 சென்ட் கொடுத்தால் 50 பென்னி அடங்கிய ஒரு சுருள் தருவார்கள். சனிக்கிழமை நான்கைந்து சுருள் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 1958 வரைக்கும் அடித்த காசுகளின் பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். அவை அபூர்வமாகத்தான் அகப்படும். ஒருமுறை 1943-இன் எஃகுப் பென்னி ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் செம்பு வெடிமருந்து வேலைக்குத் தேவைப்பட்டதால், அந்த ஒரு வருடம் மட்டும் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். நூறு கோடிக்கு மேல் அடித்ததால் விலை பெரிதாக இல்லை. ஆனால் காந்தத்தில் அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்து என் மகள் குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. துளை போட்ட நீல அட்டை ஆல்பத்தில் வருடம் வருடமாக நிரப்பிக்கொண்டே வந்தோம். அவளுடைய 12-ஆவது பிறந்த நாளுக்கு, சுருளில் ஒருநாளும் கிடைக்காத காசு ஒன்றை வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். அதுதான் 1955.

அந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏன் அதற்கு இவ்வளவு போலி வருகிறது என்பது அப்போதுதான் புரியும். காசை அடிக்கும் அச்சை அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் செய்ய மாட்டார்கள். மூல அச்சை எஃகில் ஒருமுறை அழுத்தி, எஃகைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அதே இடத்தில் வைத்து அழுத்துவார்கள். 1955-இல் ஒரு முன்பக்க அச்சில் இரண்டாவது அழுத்து சற்றே திரும்பி விழுந்துவிட்டது. அதனால் அந்த அச்சு அடித்த ஒவ்வொரு காசிலும் வருடமும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், மேலே இருக்கும் ‘இன் காட் வி டிரஸ்ட்’ வாசகமும் இரண்டிரண்டாகத் தெரியும். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். நாணயச்சாலையில் பிழையைக் கண்டுபிடித்தபோது 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்துபோயிருந்தன. பிரித்தெடுக்க வழியில்லாமல் அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். அப்போது சிகரெட் பெட்டி 23 சென்ட். சிகரெட் விற்கும் இயந்திரம் 25 சென்ட் காசைத்தான் வாங்கும். மீதி 2 சென்ட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாளுக்குள் வைத்தே விற்பார்கள். அந்தப் பென்னிகளில் நிறைய அப்படித்தான் மக்கள் கைக்கு வந்தன. இன்று ஓரளவு தேய்ந்த அசல் காசே ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகிறது.

கண்காட்சியில் நான் போன மேசையில் வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகப் பேசினார். என் மகளை அருகில் அழைத்துத் தன் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். காசு சிறிய பிளாஸ்டிக் உறையில் இருந்தது. காசு அசலா என்று சோதித்துச் சொல்லும் தரச்சான்று நிறுவனம் மூடி முத்திரை போட்ட பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, “சான்றுக்கு அனுப்பினால் செலவு, அதையும் உங்கள் தலையில்தான் கட்ட வேண்டும். இப்படி வாங்கினால் உங்களுக்கு மிச்சம்” என்றார். 900 சொன்னார். ரொக்கமாகத் தந்தால் 780 என்றார். 200, 300 என்று சொல்லியிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். சந்தை விலையிலிருந்து கொஞ்சம்தான் இறக்கியிருந்தார். அதனால்தான் நம்பினேன்.

சோதிக்காமலும் வாங்கவில்லை. என் பையில் சிறிய தராசும் காந்தமும் எப்போதும் இருக்கும். எடை 3.1 கிராம் வந்தது. அந்த வருடத்து வெண்கலப் பென்னி 3.11 கிராம், ஆக எடை சரி. காந்தத்தில் ஒட்டவில்லை, அதுவும் சரி. “பிடிக்கவில்லையென்றால் ஏழு நாளில் கொண்டுவாருங்கள், முழுப் பணமும் தருகிறேன்” என்று ரசீதின் அடியில் எழுதிக் கொடுத்தார். ரசீதில் காசைப் பற்றி அவர் எழுதியது ‘1955 சென்ட், 780’ என்று மட்டும். இரட்டை அச்சு என்றும் இல்லை, அசல் என்றும் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுவாரம் காசைத் தரச்சான்றுக்கு அனுப்பினேன். கட்டணம், காப்பீடு, தபால் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 90 டாலர். பத்து வாரம் கழித்து, பெட்டியில் மூடாமல், அதே உறையில், ‘அசல் அல்ல’ என்ற சீட்டோடு திரும்பி வந்தது. உறையைப் பிரித்தது என் மகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, காசை என் கையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த கண்காட்சியில் அவரைப் போய்ப் பார்த்தேன். அதே மேசை, அதே சிரிப்பு. சீட்டைக் காட்டினேன். முதலில் “ஏழு நாள் என்று எழுதியிருக்கிறதே” என்றார். ஏழு நாளில் எந்த நிறுவனமும் சான்று தராது என்பது 20 வருடமாக மேசை போடுகிறவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை அதிர வைத்தது. “நான் கொடுத்த காசு இதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நீங்கள் மாற்றி அனுப்பியிருக்கலாமே” என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. வாங்கிய அன்று அந்த மேசையிலேயே வைத்து ஒரு படம்கூட எடுக்கவில்லை. ரொக்கம் கொடுத்ததால் கார்டு நிறுவனத்திடம் முறையிடவும் வழியில்லை. கண்காட்சி நடத்துகிறவர்களிடம் போனேன். மேசை வாடகைக்கு விடுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள். மாநில நுகர்வோர் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் காசில் என்ன தவறு என்று பிறகு ஒரு மூத்த சேகரிப்பாளர் எனக்குக் காட்டினார். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் 1955 இரட்டை அச்சுக் காசைத் திருப்பிப் பிடித்தால், பின்பக்கத்தில் ‘ஒன் சென்ட்’ என்று இருக்கும். ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தான ‘டி’-யின் நடுக்காலுக்கு இடப்பக்கம் மயிரிழை போல மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அச்சை மெருகேற்றும்போது அச்சிலேயே விழுந்த கீறல் அது. அதனால் அந்த அச்சு ஜோடி அடித்த காசுகளில் எல்லாம் வரும். என் காசில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. எழுத்துகளின் ஓரமும் அசலில் கூர்மையாக எழும்பி நிற்கும், என்னுடையதில் சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தது. முன்பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் ரசித்துப் பார்த்த நான் பின்பக்கத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கோடு தேய்ந்து மங்கியிருக்கவும் கூடும், நல்ல போலியில் அதையும் செதுக்கியிருக்கக் கூடும். அதனால் கோடு இருப்பதை மட்டும் நம்பியும் பணம் கொடுக்காதீர்கள்.

தராசும் காந்தமும் என்னை ஏமாற்றியது இந்த வகையில்தான். அவற்றில் தோற்ற காசு போலி என்று உறுதியாகச் சொல்லலாம். தேறிய காசு அசல் என்று சொல்ல முடியாது. சரியான வெண்கலத்தில், சரியான எடையில் வில்லை (அச்சு விழாத வட்டத் தகடு) வெட்டி அடிப்பது போலி அடிக்கிறவர்களுக்கு ஒரு சிரமமே இல்லை.

1943 செம்புப் பென்னிக்கு வந்தால் கதை வேறு. அங்கே காந்தம் உண்மையிலேயே உதவும். முந்தைய வருடத்து வெண்கல வில்லைகள் சில இயந்திரத்தில் தங்கிப்போய், 1943 அச்சில் அடிபட்டன. தெரிந்தவரை இருபது சொச்சம் காசுகள்தான் உலகத்தில் இருக்கின்றன. 1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் 16 வயதுப் பையன் ஒருவனுக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மீதிச் சில்லறையில் ஒன்று கிடைத்தது. கருவூலத்துக்கு எழுதிக் கேட்டான். 1943-இல் செம்பில் அடிக்கவே இல்லை என்று பதில் வந்தது. எழுபது வருடம் பத்திரமாக வைத்திருந்தார். அவர் இறந்தபிறகு, 2019-இல் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கதையை வைத்தே ஆயிரக்கணக்கான எஃகுப் பென்னிகளுக்குச் செம்பு முலாம் பூசி விற்றிருக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டினால் முலாம்தான். ஒட்டாவிட்டால் வருடத்தின் கடைசி எண்ணைப் பாருங்கள். 1948-இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கியிருப்பார்கள். 1943-இன் அசல் மூன்றுக்கு வால் நீளமாகக் கீழே இறங்கும், சுரண்டிய மூன்றுக்கு அந்த வால் வராது.

இன்னொரு ஏமாற்று, பொய்யான காசுகூட இல்லாமல் நடக்கிறது. அடிக்கும்போது அச்சு லேசாக ஆடினால் எழுத்தின் பக்கத்தில் தட்டையான படிக்கட்டு போல ஒரு நிழல் விழும். அதற்கு மதிப்பே கிடையாது. அசல் இரட்டை அச்சில் இரண்டாவது எழுத்தும் முழு உயரத்தோடு உருண்டு நிற்கும், மூலைகள் பிளந்து தெரியும். 1982 நடுவில் பென்னியைத் துத்தநாகத்துக்கு மாற்றி மேலே மெல்லிய செம்பு பூச ஆரம்பித்தார்கள், எடையும் 2.5 கிராமாகக் குறைந்தது. அந்தப் பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளம்பினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். இவற்றைத்தான் ‘அபூர்வப் பிழை’ என்று பெயர் சூட்டி 50, 100 டாலருக்கு ஏல இணையதளங்களில் போடுகிறார்கள். வீடியோக்களில் காட்டும் விலையும் பெரும்பாலும் விற்கிறவர் கேட்கும் விலை. எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்ற பட்டியலைத் தேடிப் பாருங்கள், எனக்குப் பல முறை அங்கே 2 டாலரோ 3 டாலரோதான் கண்ணில் பட்டது.

வாங்கியே தீர வேண்டும் என்றால், 100 டாலருக்கு மேல் போகும் பிழைக் காசைச் சான்றுப் பெட்டியில் மட்டும் வாங்குங்கள். பெட்டிக்கும் போலி வருகிறது. அதனால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் இணையதளத்தில் அந்தச் சான்று எண்ணை மேசையிலேயே நின்று தட்டிப் பாருங்கள். அங்கே படம் இருந்தால், கையில் இருக்கும் காசின் கீறல், கறை எல்லாம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். சான்று இல்லாத காசு என்றால், ‘அசல் 1955 இரட்டை அச்சு, சான்று மறுக்கப்பட்டால் எத்தனை நாள் ஆனாலும் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் முன்னாலேயே காசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். கார்டில் கொடுங்கள், மூன்று சதவீதம் கூட ஆனாலும் பரவாயில்லை. இதில் எதற்காவது அவர் முகம் மாறினால் மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

என் காசை நான் தூக்கிப் போடவில்லை. ‘போலி’ என்று எழுதிய உறையில், ‘அசல் அல்ல’ என்ற சீட்டோடு வைத்திருக்கிறேன். அந்த மூத்த சேகரிப்பாளர் தன்னிடமிருக்கும் அசல் காசின் பின்பக்கத்தைப் பெரிதாகப் படமெடுத்து அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் வித்தியாசம் பிடிபடும். நியூஜெர்சியில் எடிசன், அதன் சுற்று வட்டாரத்தில் இருக்கிறவர்கள் யாராவது இந்தக் காசு வாங்கும் எண்ணத்தில் இருந்தால், பணம் கொடுக்கும் முன் எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்போம். மேசையில் துணி விரித்திருக்கும், என் மகளே உங்களுக்குக் காட்டுவாள்.