ஏற்காடு போகிறவர்களுக்கு: 4,851 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களையே சமைக்க வைத்தார்கள்

நேற்று மதியம் நடந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 60 வயது நிறைந்தது. இத்தனை வருஷம் அடுப்படியிலேயே நின்றவர், ஒரு நாளாவது அடுத்தவர் செய்து போட்டுச் சாப்பிடட்டும் என்று சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனோம். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா. 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதில் சின்னவளுக்கு இரண்டு தடவை வாந்தி. ஏரியில் படகு விட்டுவிட்டு, ஒன்றரை மணிக்கு நல்ல பசியோடு ஒரு ரெஸ்டாரண்டுக்குள் போனோம். பெயர் போடவில்லை. மேஜை நடுவில் கரண்ட் அடுப்பு வைத்திருக்கும் ஹாட் பாட் வகைக் கடை.

அந்த அடுப்பைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. அதனால்தான் ஆர்டர் எடுக்க வந்த பையனிடம், "தம்பி, எங்கம்மாவுக்குப் பொறந்த நாளு. இன்னிக்கு அவங்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது. செஞ்சு கொண்டாந்து வைப்பீங்கல்ல?" என்று கேட்டேன். "அது சூடு ஆறாம இருக்கறதுக்குக்கா. பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துரும், நாங்க பாத்துக்கறோம்" என்றான். அம்மாவைப் பார்த்துச் சிரித்து வாழ்த்தும் சொன்னான். நம்பிவிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் அம்மா சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

வந்தது என்ன? பச்சைக் கோழித்துண்டு, முட்டைக்கோஸ், காளான், வேகாத நூடுல்ஸ், உடைக்காத முட்டை, நாலு கிண்ணத்தில் சாஸ். சட்டியில் கொதிக்காத உப்புத் தண்ணீர். அடுப்பை அமுக்கிவிட்டுப் பையன் போய்விட்டான். கோழி எத்தனை நிமிஷம் வேகணும் என்று கேட்டதற்கு, "கலர் மாறினா எடுத்துக்கலாம்க்கா" என்றான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே வேகிற நேரத்தில் அங்கே வேகாது. பச்சைக் கோழியைப் போட்ட அதே இடுக்கியால்தான் வெந்ததையும் எடுக்க வேண்டும், வேறு தரவில்லை. இடையில் கரண்ட் இரண்டு தடவை போனது.

கடைசியில் கரண்டியைப் பிடித்தது யார்? அம்மா. உட்காரச் சொன்னால், "பிள்ளைங்களுக்குப் பசிக்குதும்மா" என்கிறார். இரண்டேகாலுக்கு அவர் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்து மேஜைக்காரம்மா ஓடிவந்து பிஸ்கட்டும் மிட்டாயும் கொடுத்தார். அவர் நல்லா இருக்கணும்.

பில் 4,851 ரூபாய். ஆளுக்கு 840 வீதம் 4,200. சர்வீஸ் சார்ஜ் 420. அதற்கும் மேல் ஜி.எஸ்.டி. 231. நாங்களே வேகவைத்து, நாங்களே பரிமாறிய சாப்பாட்டுக்கு 420 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்! மேனேஜரிடம் கேட்டால், "கான்செப்ட்டே அதுதாங்க மேடம், எல்லாரும் என்ஜாய் பண்றாங்க" என்கிறார். அந்தப் பையன் சொன்னதைச் சொன்னேன். "அவன் புதுசுங்க." பணத்தைக் கேட்டதும், "ஓனர்கிட்டப் பேசுங்க." ஓனர் நம்பரில் ஒரு பெண், "சார் வெளியூருங்க, திங்கக்கிழமை கூப்பிடுங்க."

திரும்பி வந்து தள்ளுவண்டியில் அம்மாவுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். அந்த அண்ணன் தட்டுவடையில் சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம் வைத்து, மேலே இன்னொன்றை மூடி, "காரம் போதுமாம்மா?" என்று கேட்டுக் கையில் கொடுத்தார். அம்மா நேற்று நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. வெந்து வருமா, பச்சையாக வருமா என்று மேனேஜரிடமே கேளுங்கள். தட்டு முன்னால் வராமல் சர்க்கரை மாத்திரை போடாதீர்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. இது எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

4,851 ரூபாய். காலையிலிருந்து அந்த ஓனர் நம்பருக்கு மூன்று தடவை போட்டுவிட்டேன். எடுக்கவே இல்லை.