டிபிஎஸ்: புதுச் சான்றிதழா, அப்டேட் சர்வீஸா?

இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், உதவியாளருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய எவருக்கும் டிபிஎஸ், அதாவது குற்றப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்றிதழ், எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் என்றால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. அப்புறம் அது வழங்கிய நாள் வரைக்கும்தான் பேசும்.

அப்டேட் சர்வீஸ் என்பது சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று இணையத்தில் காட்டும் சேவை. அதில், சான்றிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் சான்றிதழுக்கு உரியவரே ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டால், அவர் சம்மதத்தோடு நாம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அசல் தாளைக் கையில் வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். முதியோர் பராமரிப்புக்கு மட்டும் எடுத்தது இங்கே உதவாது.

எதுவானாலும் நகலை ஃபைலில் சேர்த்து வைக்காதீர்கள். அது இன்னொருவரின் அந்தரங்கம். எண்ணையும் தேதியையும், சான்றிதழை எடுத்தவர் யார் என்பதையும் குறித்தால் போதும். சான்றிதழ் நடப்பில் இல்லை என்று திரையில் வந்தால், தயங்காமல் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.